சிரிங்க அக்கா, ஒரு போட்டோ

பெண்கள் வந்து உட்கார்வதற்கு முன்பே பேனர் கட்டியாக வேண்டும். பேனரில் மூன்று சின்னங்கள் இருக்கும். ஒன்று எங்கள் தொண்டு நிறுவனத்துடையது, ஒன்று பணம் தரும் கம்பெனியுடையது, மூன்றாவது யாருடையது என்று எனக்கே தெரியாது. வெளிச்சம் முகத்தில் விழும்படி பெண்களை வரிசையாக நிறுத்த வேண்டும். அவர்கள் கையில் கொடுக்கும் பொருள், தையல் மிஷினோ நாப்கின் பொட்டலமோ கோழிக்குஞ்சோ, பேனரை மறைக்காமல் தெரிய வேண்டும். பிறகு ஜி.பி.எஸ். மேப் கேமரா செயலியைத் திறந்து, ஊர், தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் படத்தின் அடியில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும்: "சிரிங்க அக்கா, ஒரு போட்டோ." கம்பம் பள்ளத்தாக்கில் களப்பணியாளராக இருந்த ஆண்டுகளில் இந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை சொன்னேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

ஒருநாள் உத்தமபாளையம் பக்கம் ஒரு ஊரில், வரிசையில் நின்ற வயசான அம்மா ஒருவர் கேட்டார்: "ஏன்த்தா, வாரவாரம் வந்து இம்புட்டு போட்டா எடுக்குறியே, அதுல ஒன்னையாச்சும் எங்களுக்குக் காட்டியிருக்கியா? எங்கிட்டுப் போகுது அதெல்லாம்?" நான் சிரித்து மழுப்பினேன். எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் குழுவுக்கு, அங்கிருந்து தலைமை அலுவலகத்துக்கு, அங்கிருந்து நிதி தருபவரின் அறிக்கைக்கு, கடைசியில் முகநூலுக்கு. எல்லாம் மேலே போகிறது. கீழே எதுவும் திரும்பி வருவதில்லை.

இந்தக் கட்டுரை அந்த அம்மாவுக்குத் தாமதமாகச் சொல்லும் பதில். தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. கைப்பேசி வந்த பிறகுதான் மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போன மகள் பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாதபோது, ஜீப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டறிய அம்மாக்களால் முடிந்தது. என் கேள்வி ஒன்றுதான். தொண்டு நிறுவனங்கள் கொண்டுவரும் கருவிகளில் செய்தி எந்தத் திசையில் ஓடுகிறது? பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறதா, பெண்களுக்குக் கொண்டுவந்து தருகிறதா?

கொண்டுவந்து தந்த கதை ஒன்று நம் மாவட்டத்திலேயே உண்டு. அதை முதலில் சொல்வதுதான் நியாயம். 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, லாப நோக்கமற்ற அறக்கட்டளையின் கீழ் நடப்பது. 2000களின் நடுவில் அதன் தேனி மருத்துவமனையையும் அம்பாசமுத்திரம், போடி போன்ற ஊர்களில் திறந்த சிறு பார்வை மையங்களையும் கம்பியில்லா இணைப்பால் சேர்த்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை அமைத்தார்கள். வீட்டுக்குள் சில மீட்டர் தூரத்துக்குப் பயன்படும் வைஃபையை, திசை பார்த்துக் கட்டிய ஆண்டெனாக்களாலும் மாற்றி எழுதிய மென்பொருளாலும் பல கிலோமீட்டர் தாண்ட வைத்தார்கள். பார்வை மையத்தில் பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுவார். கண்ணாடி போதுமா, அறுவைக்குத் தேனி வர வேண்டுமா என்று அங்கேயே முடிவாகும். ஒரு கிழவிக்குப் பஸ் செலவும் மிச்சம், துணைக்கு வரும் மகளின் ஒருநாள் கூலியும் மிச்சம்.

இந்த வேலையைப் பற்றி அந்த ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட கட்டுரையில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ரேடியோ அலையைவிட அதிகம் தொல்லை கொடுத்தது மின்சாரம். ஏறி இறங்கும் மின்னழுத்தத்தில் கருவிகள் போயின. வெளிநாட்டிலிருந்து யாரோ வந்து சரிசெய்கிறவரை காத்திருந்தால் இணைப்பு செத்துப்போகும். அங்கேயே இருக்கும் ஊழியர்களுக்குப் பழுதைக் கண்டறியவும் சரிசெய்யவும் தெரிந்தால்தான் நிலைக்கும். எளிமையான பாடம். கருவி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அதன்மேல் அதிகாரமும் அறிவும் இருக்க வேண்டும்.

அதே கதையில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அந்த மருத்துவமனைகளைத் தாங்குவது கிராமத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்து இரண்டு வருடம் பயிற்சி எடுக்கும் இளம்பெண்கள். பதிவு, பார்வைச் சோதனை, அறுவை அரங்கில் உதவி, கண்ணாடிக் கடை, பார்வை மையம், எல்லா இடத்திலும் அவர்கள்தான். உலக மேலாண்மைக் கல்லூரிகளில் இந்த மருத்துவமனை பாடமாக இருக்கிறது. படிக்கிறவர் மனதில் தங்குவது மருத்துவரும் ஆண்டெனாவும்தான். போடியில் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்று, பயந்து வந்த கிழவியின் இமையை விலக்கிப் பிடித்த பெண் தங்குவதில்லை. நல்ல தொழில்நுட்பத்தின் கதையிலேயே இப்படி என்றால் மற்றதைக் கேட்க வேண்டுமா?

மற்றது படத்தில் தொடங்குகிறது. நம் வட்டாரப் பெண்களின் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டியில் நடந்த பெண்சிசுக் கொலைகளை அட்டைக் கட்டுரையாக வெளியிட்டது. அன்று தேனியும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அந்தக் கொலைகள் நடந்தன, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துக்கு வந்த கேமராக்கள் எல்லாம் தாயின் முகத்தையே தேடின. வரதட்சணை கேட்ட மாப்பிள்ளை வீட்டுக்காரர் முகம் படத்தில் இல்லை. நிலத்தை மகன்களுக்கு மட்டும் எழுதிவைத்த தாத்தா முகம் இல்லை. மூன்றாவதும் பெண் என்றதும் ஆஸ்பத்திரிப் பக்கம் வராத தகப்பன் முகம் இல்லை. கள்ளிப்பாலோடு சேர்த்துப் பேசப்பட்டவள் பெற்றவள் மட்டும்தான். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தேனிக்கும் மதுரைக்கும் விரிந்தபோதும் குழந்தையைத் தொட்டிலில் விட்டவள் என்று அவளைத்தான் காட்டினார்கள். பெண்ணைக் குற்றவாளியாகவோ அபலையாகவோ காட்டினால் பணம் வரும் என்பதைத் தொண்டு உலகம் நன்றாகக் கற்றுக்கொண்டது.

அந்தக் காலத்துப் படம் காகிதத்தில் இருந்தது. ஏதோ ஒரு ஐரோப்பிய நகரத்தில் யாருடைய மேசை இழுப்பறையிலோ மக்கிப்போயிருக்கும். இன்றைய படம் மக்காது. பெயரோடு, ஊரோடு, அட்சரேகை தீர்க்கரேகையோடு முகநூலில் கிடக்கிறது. "கணவனால் கைவிடப்பட்டவர், எங்கள் உதவியால் இன்று தலைநிமிர்ந்து நிற்கிறார்" என்று கீழே எழுதியிருக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படி எழுதிய ஒரு படத்தை ஒரு அக்காவின் நாத்தனார் திருப்பூரில் இருந்தபடி பார்த்துவிட்டார். "எங்க அண்ணன் கைவிட்டானா, நீ ஓடி வந்தியா? ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறியா?" என்று போனில் சண்டை. அதற்குமேல் மகன் வந்து, "என்னைய பள்ளிக்கூடத்துல கேக்குறாங்கம்மா" என்று அழுதான். நான் மேலாளரிடம் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். "அது நம்ம பெஸ்ட் கேஸ் ஸ்டோரி, மேடம்" என்றார். அந்த அக்கா அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. அறிக்கையில் மட்டும் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறார்.

ஒப்புதல் வாங்கினோமே என்பார்கள். வாங்கினோம்தான், நான்தான் வாங்கினேன். ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில், கடன் படிவத்துக்கும் வருகைப் பதிவுக்கும் நடுவில் வைத்து, "இங்கெயும் ஒரு கையெழுத்து அக்கா" என்று வாங்கினேன். நாளைக்குக் கடன் தரப்போகிற கை நீட்டும் தாளில் யார் மாட்டேன் என்பார்கள்? 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்றால் அது சுதந்திரமாக, குறிப்பிட்ட காரியத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல் தரப்பட வேண்டும் என்கிறது. அட்டவணை மொழிகளில் கேட்கும் உரிமையும் அதில் உண்டு, தமிழ் அதில் ஒன்று. கொடுத்த ஒப்புதலைக் கொடுத்த அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். நான் வாங்கிய கையெழுத்துகளில் ஒன்றுகூட இந்தச் சோதனையில் தேறாது.

அதைவிடப் பழைய, அதைவிடக் கடுமையான சட்டங்களும் உண்டு. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டப்படி, ஒருவருடைய தொற்று நிலையை அவருடைய எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. லாரித் தடமும் எல்லைச் சந்தையும் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில், கணவனிடமிருந்து தொற்று வாங்கி, கணவன் செத்தபிறகு பழியையும் வாங்கிய பெண்கள் எத்தனை பேர் என்று இங்கே களத்தில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். அவர்கள் பெயர்ப் பட்டியல் சத்துமாவு வினியோகத்துக்காக ஒரு எக்செல் கோப்பாகி, நாற்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அனுப்பியவர் கெட்டவர் இல்லை. இரவு ஒன்பது மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள், அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் அழித்தும்விட்டார். நாற்பது கைப்பேசிகளில் எத்தனையில் அது தானாக இறங்கியிருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும், 2015ஆம் ஆண்டின் இளையோர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் அடையாளத்தை வெளியிடுவதையே குற்றம் என்கின்றன. பெயர் மட்டும் இல்லை, பள்ளி, முகவரி, குடும்ப விவரம் என்று அடையாளம் காட்டும் எதுவும் கூடாது. ஆனாலும் "குழந்தைத் திருமணம் தடுத்து நிறுத்தப்பட்டது" என்ற பதிவில் கண்ணை மட்டும் மங்கலாக்கிய பதினைந்து வயதுப் பெண், பின்னால் ஊர்ப் பெயரோடு நிழற்குடை, பக்கத்தில் புன்னகைக்கும் அதிகாரிகள். அவள் ஊரில் அவளைத் தெரியாதவர் யார்? கண்ணை மறைத்தது அவளைக் காப்பாற்றவா, வழக்கிலிருந்து நிறுவனத்தைக் காப்பாற்றவா?

இதற்கெல்லாம் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களிடம் ஒரு பதில் உண்டு, அது பொய்யும் இல்லை. பணம் வரும் வழி மாறிவிட்டது. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. பெரிய நிறுவனம் தான் பெற்ற பணத்தைச் சிறிய நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடைசெய்தது. டெல்லியில் இருக்கும் ஒரே ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் எல்லோரும் கணக்கு தொடங்க வேண்டும் என்றது. ஆண்டிபட்டியிலும் கடமலைக்குண்டிலும் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து நடந்த சிறிய அமைப்புகளுக்கு அது பேரிடி. மிச்சம் இருப்பது 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, அதாவது பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்ற விதி. கம்பெனிக்கு வேண்டியது எண்ணும் படமும். எத்தனை பயனாளி, எத்தனை கிராமம், எத்தனை சிரித்த முகம். ஒரு பெண் தன் புருஷனிடம் முதல் தடவை "அடிக்காதே" என்று சொன்னதை எந்த ஜி.பி.எஸ். கேமராவில் எடுப்பது?

நெருக்கடி உண்மை. ஆனால் அந்த நெருக்கடியை யார் தலையில் இறக்கிவைக்கிறார்கள் என்று பாருங்கள். நிர்வாகச் செலவு 20 சதவீதம்தான் என்றதும் முதலில் வெட்டுப்பட்டது களப்பணியாளரின் போக்குவரத்துப் படி. கைப்பேசி அவளுடையது, தவணையும் அவளே கட்டுகிறாள். மாதா மாதம் ரீசார்ஜும் அவள் காசு. அதில் மூன்று செயலிகள், ஏழு வாட்ஸ்அப் குழுக்கள். பகலில் கிராமம் கிராமமாக அலைந்து, பஸ்ஸில் நின்றபடி வந்து, உலை வைத்துவிட்டு, இரவில் சிக்னல் கிடைக்கும் மொட்டை மாடிக்கு ஏறிப் படம் ஏற்றுகிறாள். "இந்நேரத்துல யாருகூட போனு?" என்று வீட்டில் கேட்பவனுக்கும் பதில் சொல்கிறாள். சம்பளம் என்று சொல்லாமல் ஊக்கத்தொகை என்கிறார்கள், அதனால் வேலைநேரம் என்ற பேச்சே எழுவதில்லை. பெண்களுக்கு அதிகாரம் வழங்கும் திட்டத்தை நடத்துவது இப்படி அதிகாரம் இல்லாத பெண்களின் இலவச இரவு உழைப்பு.

அரசாங்கமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரியிலிருந்து ஒரு செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்தால்தான் வருகை என்றார்கள். சிக்னல் இல்லாத கண்மாய்க்கரையில் படம் ஏறாவிட்டால், மண் வெட்டிய பெண்ணுக்குக் கூலி சிக்கல். 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள் என்று. ஆக, படம் திருடனைப் பிடிக்கவில்லை, உழைத்தவளைத்தான் தொந்தரவு செய்தது. இதை எதிர்த்து அறிக்கை விட வேண்டிய தொண்டு நிறுவனங்கள் அதே முறையைத் தங்கள் பெண்கள்மேல் பிரயோகிக்கின்றன.

அடுத்து, கணக்கு. சுயஉதவிக் குழுவில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கிடைத்த உண்மையான சொத்து நோட்டுதான். கோடு போட்ட அந்த நீள நோட்டில் யார் எவ்வளவு வாங்கினாள், எவ்வளவு கட்டினாள் என்று எல்லோருக்கும் முன்னால் எழுதுவோம். எழுதப் படிக்கத் தெரியாதவள்கூடத் தன் பக்கம் எது என்று அறிவாள், பள்ளிக்குப் போகும் பேத்தியைக் கூட்டிவந்து வாசிக்கச் சொல்வாள். இப்போது நோட்டு போய் டேப்லெட் வந்துவிட்டது. ஊழியர் தட்டுகிறார், மேலே போகிறது. "எங்கணக்கு என்னாச்சு?" என்றால் "சிஸ்டத்துல இருக்கு" என்கிறார். இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. 2000களில் தபன் பாரிக் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் தமிழ்நாட்டுச் சுயஉதவிக் குழுக்களோடு சேர்ந்து ஒரு வழியைச் சோதித்தார்கள். காகிதப் படிவம் அப்படியே இருக்கும், அதைக் கைப்பேசிக் கேமரா படித்துக்கொள்ளும். பெண் நம்பும் காகிதம் பெண்ணிடமே இருந்தது. மனமிருந்தால் கருவியை அப்படியும் செய்யலாம்.

சரி, கைப்பேசி வழியாகப் பெண்களுக்குத் தகவல் அனுப்புகிறோமே என்பார்கள். யாருடைய கைப்பேசிக்கு? 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இணையத்தை எப்போதாவது பயன்படுத்திய ஆண்கள் சுமார் 57 சதவீதம், பெண்கள் சுமார் 33 சதவீதம். தானே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் 54 சதவீதம். பயனாளிப் பட்டியலில் பெண்ணின் பெயருக்கு எதிரே இருக்கும் எண் பல நேரம் புருஷனுடையது, இல்லாவிட்டால் கல்லூரிக்குப் போகும் மகனுடையது. அந்த எண்ணுக்குத்தான் "குடும்ப வன்முறையா? 181ஐ அழையுங்கள்" என்று குழுவாகச் செய்தி அனுப்புகிறோம். அடிக்கிறவன் கையில் இருக்கும் திரையில் அது ஒளிர்கிறது. இதைச் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் வந்த பதில்: "ரீச் நல்லா இருக்கே." எத்தனை எண்ணுக்குப் போனது என்று பார்த்தார்கள், யார் கைக்குப் போனது என்று பார்க்கவில்லை.

உண்மையில் இந்தப் பள்ளத்தாக்குப் பெண்களுக்குத் தகவல் எங்கே தேவைப்படுகிறது? கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் இருட்டு விடியுமுன் ஜீப்புகள் கிளம்புகின்றன. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் போகிறார்கள். வண்டிக்குள் அளவுக்கு மீறிய ஆட்கள். ஏறுவது தமிழ்நாட்டில், வேலை கேரளாவில். விபத்து நடந்தால் எந்தக் காவல் நிலையம், எந்தத் தொழிலாளர் அலுவலகம், யார் இழப்பீடு? இந்த ஒரு கேள்விக்கு எங்கள் நிறுவனத்தின் இணையதளத்தில் தமிழில் ஒரு வரி கிடையாது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த ஜீப்பை நாங்கள் கணக்கெடுத்தது இல்லை. அந்தப் பெண்கள் பகலில் ஊரில் இல்லை, பேனருக்கு முன்னால் நிற்க மாட்டார்கள், அதனால் பயனாளிகளும் இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிப்பின்போது எல்லை மூடியது, வண்டி இல்லை. ஏலத்தோட்டத்திலிருந்து காட்டுவழியாக நடந்து ஊர் திரும்பியவர்கள் போடி அருகே இராசிங்காபுரம் பக்கம் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இறந்தவர்களில் கைக்குழந்தையும் உண்டு. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே தங்கலாம் என்று தமிழில் ஒரு குரல் அன்று அவர்கள் கைப்பேசியில் வந்திருக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்ட் 6 இரவு, மலைக்கு அந்தப்பக்கம் பெட்டிமுடியில் மண்சரிந்து தேயிலைத் தோட்டத் தமிழர் 70 பேர் மாண்டார்கள். மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. செய்தி வெளியே எட்டவே விடிந்துவிட்டது. இருக்கும் ஒரு சிக்னல் செத்துக்கிடக்கும் மலைக்குக் கீழேதான், "டிஜிட்டல் மகளிர்" என்று பேனர் கட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெண்களுக்குத் தொடர்புகொள்ளத் தெரியாது, நாம்தான் சொல்லித்தர வேண்டும் என்று நினைப்பவர்கள் 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்ததும், பெரும்பாலும் தமிழ் தலித் பெண்களான தேயிலைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு இறங்கினார்கள். ஆண்கள் நடத்திய தொழிற்சங்கத் தலைமைகளை ஒதுக்கி நிறுத்தினார்கள். எந்தத் தொண்டு நிறுவனத்தின் பேனரும் அவர்கள் தலைக்குமேல் இல்லை. பெம்பிளை ஒருமை என்று பெயர் வந்தது, போனஸும் திரும்ப வந்தது. லயத்துக்கு லயம் செய்தி கொண்டுபோக அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கருவியைப் பெண்கள் கையில் முழுசாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. தெலங்கானாவில் மச்னூர் என்ற ஊரில், தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் 2008 முதல் 'சங்கம் ரேடியோ' நடத்துகிறார்கள். விதை, மழை, கூலி, பாட்டு எல்லாம் அவர்கள் மொழியில், அவர்கள் குரலில். உத்தரப்பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002இல் தொடங்கிய 'கபர் லஹரியா' பத்திரிகையில் கிராமத்துப் பெண்கள், அதிலும் தலித் பெண்கள், செய்தியாளர்களானார்கள். பிறகு காணொலிக்கும் போனார்கள். இரண்டு இடத்திலும் கேமராவுக்கும் மைக்குக்கும் பின்னால் நின்றது அவர்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று முடிவெடுத்ததும் அவர்கள்.

ஆகவே கேட்கிறோம். படத்துக்கு "மாட்டேன்" என்று சொன்ன பெண்ணுக்கும் கடனும் தையல் மிஷினும் அதே நாளில் கிடைக்க வேண்டும். வெளியே போகும் ஒவ்வொரு படத்தையும் எழுத்தையும் போவதற்கு முன் அவளுக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அவள் எடு என்றால் அன்றே எடுக்க வேண்டும், "பெஸ்ட் கேஸ் ஸ்டோரி" என்று சாக்கு சொல்லக் கூடாது. நோயும் வன்முறையும் உள்ள பெயர்ப் பட்டியல் எந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் போகக் கூடாது. களப்பணியாளரின் கைப்பேசிக்கும் ரீசார்ஜுக்கும் நிறுவனம் பணம் தர வேண்டும், மாலை ஆறு மணிக்குமேல் கேட்கும் அறிக்கைக்குக் கூலி தர வேண்டும். ஆண்டறிக்கையை நிதி தருபவருக்கு அனுப்புவதற்கு முன் சங்கக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பொய்யான வரி இருந்தால் பெண்கள் அடிக்க வேண்டும். நோட்டு எங்களிடம் இருக்க வேண்டும்.

"இப்படியெல்லாம் கேட்டால் பணம் நின்றுவிடும், அப்புறம் இருக்கிற வேலையும் போய்விடும்" என்பார்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள், நான் அந்த வேலையை விட்ட நாளில். பெண்ணின் முகத்தை அவளிடம் கேட்காமல் விற்றால்தான் நடக்கும் என்றால் அது தொண்டு இல்லை, வியாபாரம். வியாபாரம் என்றால் விலை பேசலாம், பங்கு கேட்கலாம். தொண்டு என்றால் எங்களுக்குப் பதில் சொல்லுங்கள். இரண்டும் இல்லாமல் சிரிக்க மட்டும் சொல்லாதீர்கள்.

போன மாதம் உத்தமபாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த அம்மாவைப் பார்த்தேன். "இன்னும் போட்டா எடுக்குறாகளா?" என்றேன். "எடுக்குறாக, எடுக்குறாக. இப்ப வேற புள்ள வருது, பாவம், வெயில்ல அலையிது" என்றார். அப்புறம் சொன்னார்: "நாங்க இப்பல்லாம் மொதல்ல கேக்குறோம்த்தா. எங்கிட்டுப் போகுதுன்னு சொல்லு, அப்புறமா சிரிக்கிறோம்னு."